பெரியம்மாவை வாசலுக்கு வெளியே அனுப்பிய நாள்

என் பெரியம்மாவுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பதில் ஆட்சேபணை ஒன்றும் இல்லை. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் உதிக்கிறதே என்பதுதான் வருத்தம். இதை நான் சொல்லும்போதெல்லாம் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், பெரியம்மாவும் சேர்ந்தே சிரிப்பார். சிரித்து முடித்ததும், "அப்பிடி வாயத் தொறந்து சிரிக்காத கண்ணு, ஈறு தெரியுது" என்று என்னைத் திருத்துவார்.

பெரியம்மா என்றால் என் அம்மாவின் அக்கா. திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். கீழே கம்பெனி, மேலே ஒரு அறை, பின்கட்டில் வீடு. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் திருப்பூரில் பேச்செல்லாம் ஆர்டர், ஷிப்மெண்ட், துணி வாங்கும் வெளிநாட்டு பையர் என்றே இருக்கும். டீக்கடையில் நிற்பவர்கூட டாலர் ஏறியதா இறங்கியதா என்று விசாரிப்பார். ஆனால் எங்கள் கம்பெனிக்கென்று நேரடி ஆர்டர் எதுவும் கிடையாது. பெரிய கம்பெனிக்காரர்கள் வெட்டி அனுப்பும் துணியைத் தைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. அவர்கள் அனுப்பினால் வேலை. அனுப்பாவிட்டால் மிஷின்களுக்குத் துணி போர்த்திவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

குன்னத்தூரில் இருந்த நான் பி.காம். முடித்ததும், "கம்ப்யூட்டர் தெரியுமில்ல, இங்க வந்துரு" என்று பெரியம்மா உத்தரவு போட்டார். வந்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் அனுப்புவது என் வேலை. என்ன எழுத வேண்டும் என்பதை அவர் சொல்வார், நான் ஆங்கிலத்தில் அடிப்பேன். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. ஆனாலும் நான் அடித்து முடித்ததும் திரையைப் பார்த்து, "ரெண்டாவது வரி நெம்ப நீளமா இருக்குது, சின்னதாக்கு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சின்னதாக்குவேன்.

பெரியப்பாவின் நிலைமையைக் கேட்கவே வேண்டாம். என்ன சட்டை போடுவது, எந்தப் பக்கம் வகிடு எடுப்பது, யார் வீட்டு விசேஷத்தில் எத்தனை இட்லி சாப்பிடுவது என்பது வரை பெரியம்மாவின் இலாகா. அவர் தும்மப்போகிறார் என்று தெரிந்தாலே, "துண்ட வெச்சுத் தும்முங்க" என்று முன்கூட்டியே குரல் வரும். பாதித் தும்மல் பயத்தில் உள்ளேயே நின்றுவிடும்.

கம்பெனியிலும் அதே ஆட்சிதான். கழிப்பறை எப்போதும் பளிச்சென்று இருக்கும், ஆனால் எத்தனை மக் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சுவரில் போர்டு தொங்கும். அயர்ன் போடுகிற அண்ணனின் மீசை, ஆவியில் வியர்த்துத் துணியில் சொட்டும் என்று சொல்லி அதை எடுக்க வைத்தார். மீசை எப்படி வியர்க்கும் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. மதியம் டிபன் பாக்ஸ் திறக்கும் நேரம் பார்த்து ஒரு சுற்று வருவார். குழம்பின் நிறத்தைப் பார்த்தே, "உனக்கு வயித்துப்புண்ணு, இத்தன காரம் எதுக்கு?" என்பார். நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடுதலாக வரும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மெயில் வந்தது! வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எங்களுக்கே நேரடியாக ஆர்டர் தரத் தயாராக இருந்தது. நான் நாற்காலியிலிருந்து குதித்தே எழுந்துவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. அவர்கள் சார்பில் ஓர் ஆடிட்டர் வந்து கம்பெனியைப் பார்ப்பார். கணக்கு பார்க்கிற ஆடிட்டர் இல்லை. தொழிலாளிகளை எப்படி நடத்துகிறோம், அதிக நேரம் பிடித்து வைக்கிறோமா, அடிக்கிறோமா, திட்டுகிறோமா என்று அவர்களிடமே தனியாகக் கேட்டுப் பார்ப்பவர். அவர் சரி என்றால் ஆர்டர். இல்லையென்றால் அடுத்தவர் வெட்டிப்போடும் துணிக்காகக் காத்திருக்கும் பிழைப்புதான் கடைசிவரை.

பெரியம்மா எத்தனையோ வருடமாக ஏங்கிக் கிடந்த வாய்ப்பு அது. அன்றைக்கே சிவன்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டார். "எந்தக் கிழமை அருள் செய்யோணும்னும் சேத்துச் சொல்லியிருப்பா பாரு" என்று பெரியப்பா என் காதில் முணுமுணுத்தார்.

பயப்பட எங்களுக்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் வேடிக்கை. சனிக்கிழமை ஆனால் சம்பளம் கைக்கு வந்துவிடும். மற்ற இடங்களில் ராத்திரி வரை மிஷின் ஓடும், எங்களிடம் ஆறு மணிக்கு மேல் ஒரு மிஷினும் ஓடாது. சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதில்லை. ஆடிட்டர் வந்து சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாலே போதும், தேறிவிடுவோம்.

ஆனால் பெரியம்மாவால் சும்மா இருக்க முடியுமா? கம்பெனியில் வேலை செய்த நாற்பது பேரும் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தானே உட்கார்ந்து யோசித்தார். அதுவும் பேச்சுத் தமிழில் இல்லை, நல்ல தமிழில்! "எங்கள் நிறுவனத்தில் குடிநீர் தூய்மையாக உள்ளது. மின்விசிறிகள் நன்றாகச் சுழல்கின்றன. எங்கள் முதலாளியம்மா எங்களைத் தாயைப் போல் நடத்துகிறார். முதலுதவிப் பெட்டி எப்போதும் நிரம்பியுள்ளது." தினமும் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்ல வைத்தார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி நாற்பது குரலும் ஒன்றாகக் கிளம்பும்.

அதில் அதிகம் திண்டாடியவர் துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் தைக்கிற ஓர் அக்கா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர். தையலில் கெட்டிக்காரி, ஆனால் பாடம் மட்டும் ஏறவே இல்லை. "நெறய பேரு கடல்ல நீந்துவாக, நான் இந்த நாலு வரியில முங்கிச் செத்துருவேன் போலுக்கே" என்று என்னிடம் புலம்பினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பெரியம்மா, அவங்கவங்க மனசுல பட்டத அவங்களே சொல்லட்டும்ங்களே. நாம என்ன தப்பா பண்றோம்?" என்று கேட்டேன்.

"தானா பேச உட்டா வாய்க்கு வந்ததச் சொல்லிப்போடுவாங்க கண்ணு. என்ன சொல்லுவாங்கன்னு நமக்கெப்பிடித் தெரியும்?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் அப்போது அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. இவர் எதற்காகவோ பயப்படுகிறார் என்று எனக்குப் பட்டது.

ஆடிட்டர் வந்தே விட்டார். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்மணி. பருத்திச் சேலை, காலில் ஷூ, முதுகில் பை. கறாரான முகம். தீயணைப்புக் கருவியைப் பார்த்தார், சரி. வாசல்களைப் பார்த்தார், சரி. சம்பள விவரமும் சரி. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தபோது அந்தக் கறார் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. போர்டைப் படித்திருப்பார். மதியத்துக்குள் பாதிக் கிணறு தாண்டியாயிற்று! என் கால்கள் தரையிலேயே நிற்கவில்லை. ஒவ்வொன்றாகத் தேறத் தேற பெரியப்பாவைப் பார்த்து ரகசியமாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்துத் தொழிலாளிகளிடம் பேச வேண்டும். மேல் அறையில், ஒவ்வொருவராக, கம்பெனி ஆள் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பெரியம்மா மாடிப்படிக்குக் கீழே போய் நின்றுகொண்டு, அண்ணாந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தனக்குக் கேட்காமல் தன் கம்பெனிக்குள் ஒரு பேச்சு நடப்பது அவர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஆடிட்டர் இறங்கி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"மேடம், இதுவரைக்கும் பன்னிரண்டு பேர்கிட்டப் பேசிட்டேன். பன்னிரண்டு பேரும் ஒரே பாட்டைத்தான் பாடுறாங்க. ஒரு பொண்ணுகிட்ட, உனக்கு எந்த ஊரும்மான்னு கேட்டேன். 'எங்கள் நிறுவனத்தில் குடிநீர் தூய்மையாக உள்ளது'ன்னு சொல்றா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வார்த்தையில் அது அப்படியே அடங்கிப்போனது.

"நான் எத்தனையோ கம்பெனி பார்த்திருக்கேன். இந்த மாதிரி பாடம் பண்ணி வெச்சிருக்கிற இடத்துலதான் பெரிய தப்பெல்லாம் இருக்கும். மறைக்க ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு மனப்பாடம் பண்ணணும்? மன்னிச்சுக்குங்க, நான் கிளம்புறேன்."

பையின் ஜிப்பை இழுத்து மூடினார். போச்சு! ஆர்டர் போச்சு, எல்லாம் போச்சு. தப்பு செய்யாத கம்பெனி, தப்பு செய்த கம்பெனி என்ற பெயரோடு தோற்கப் போகிறது. எனக்கு ஆத்திரத்தில் அழுகை முட்டியது. பெரியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங்க, சித்த நில்லுங்க! தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க, சத்தியமாங்க. நீங்களே எல்லாத்து முன்னாலயும் கேட்டுப் பாருங்க!" என்று அவரை மிஷின்கள் இருந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே போனார். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவசரத்தில் கண்ணில் பட்ட முதல் ஆளைப் பார்த்துக் கை நீட்டினார். அது, என் கெட்ட நேரம், அந்த ஓவர்லாக் அக்கா.

"நீ சொல்லு கண்ணு. நான் உங்கள எப்பிடி வெச்சிருக்கறேன்னு உன்ற வாயால சொல்லு."

அக்கா எழுந்து நின்றார். "எங்கள் நிறுவனத்தில் குடிநீர் தூய்மையாக உள்ளது" என்று ஆரம்பித்தார்! என்ன செய்வார் பாவம், அதைத்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். மின்விசிறி சுழன்றது. முதலாளியம்மா தாயைப் போல் நடத்தினார். அத்தோடு அக்கா நின்றுவிட்டார். நான்காவது வரி வரவில்லை.

அந்த நேரத்தில் பெரியம்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் இருந்திருப்பார்கள். பெரியம்மாவால் முடியவில்லை. ஆடிட்டர் பக்கத்திலேயே நிற்கும்போது, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "முதலுதவி! முதலுதவிப் பெட்டிய உட்டுட்ட பாரு!" என்று எடுத்துக் கொடுத்தார்.

நான் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். ஆடிட்டர் கண்ணை மூடித் திறந்தார். அப்போதுதான் அக்கா கையிலிருந்த கத்திரியை மிஷின் மேல் டக்கென்று வைத்தார்.

"போதும்மா! என்னால ஆகாது. முதலுதவியாவது ஒண்ணாவது! இந்தாங்க மேடம், நான் சொல்லுதேன், என் வாயால சொல்லுதேன். இவுகளோட ஒரு நாளு இருந்து பாருங்க, தெரியும். எனக்குக் காய்ச்சல்னு லீவு கேட்டேன். குடுத்தாக, சம்பளத்தோட குடுத்தாக. சும்மா இருந்தாகளா? வீடு தேடி வந்து, என் கஞ்சியில உப்பு கம்மின்னு சொல்லிட்டுல்லா போனாக!"

ஆடிட்டரின் கை பையின் ஜிப்பில் அப்படியே நின்றது. "சம்பளத்தோடயா லீவு குடுத்தாங்க?"

"ஆமா மேடம். அத விடுங்க. ஆறு மணிக்கு மேல இருந்து தைக்கேன், நாலு காசு கூட வருமேன்னு நானாத்தான் கேட்டேன். 'ஊட்டுக்குப் போயி புள்ளைக்குச் சோறு போடு'ன்னு சொல்லி வெளக்க அமத்திட்டாக. என் புள்ளைக்குச் சோறு போட எனக்குத் தெரியாதா மேடம்? என் மவ பெரிய மனுசி ஆனப்ப பட்டுப் பாவாடை எடுத்துக் குடுத்தாக. அவ பச்ச கேட்டா. இவுக மாம்பழ மஞ்ச எடுத்துக் குடுத்து, அதத்தான் உடுத்தணும்னுட்டாக. புள்ள அந்தப் பாவாடையக் கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டுல்லா ஒக்காந்திருந்தா!"

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது! அயர்ன் போடும் அண்ணன் முன்னால் வந்தார். "என்ற மீசைய எடுக்கச் சொன்னாங்க மேடம். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போவோணும், மீசையில்லாம எப்பிடிங்க போறதுன்னேன். நம்ம முதலாளியம்மாவே கூட வந்து பேசி முடிச்சுக் குடுத்துட்டாங்க. ஆனா மீசைய மட்டும் உடவே இல்லீங்க!" இன்னொருவர் போர்டைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர் குழம்பைப் பற்றிச் சொன்னார். ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டினார்கள், முதலாளி எதிரில் நிற்கிறாரே என்று யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. அத்தனையும் புகார். ஒவ்வொரு புகாருக்குள்ளும் பெரியம்மா செய்த ஏதோ ஒரு நல்லது உட்கார்ந்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கை தட்டலாம் போல, விசிலடிக்கலாம் போல இருந்தது!

ஆடிட்டர் பையை இறக்கிக் கீழே வைத்தார். "இப்பதான் எனக்கு வேலையே ஆரம்பிக்குது. எல்லார்கிட்டயும் திரும்பப் பேசுறேன். ஆனா மேடம், நீங்க இங்க இருக்கக் கூடாது. மாடிப்படிக்குக் கீழயும் கூடாது. கேட்டுக்கு வெளிய போயிடுங்க. உங்க வாயும் இங்க வரக்கூடாது, காதும் வரக்கூடாது."

பெரியம்மாவை அவர் கம்பெனியிலிருந்தே வெளியே போகச் சொல்கிறார்! பெரியம்மா மிஷின் வரிசையைப் பார்த்தார், நாற்பது முகங்களையும் பார்த்தார். அந்த முகங்களும் அவரைப் பார்த்தன. போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்து எதையோ சொல்ல வந்தார். பிறகு அதை விழுங்கிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். கேட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை நின்றார், திரும்பவில்லை. நானும் கூடவே ஓடினேன்.

வெளியே நின்றும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் கம்பெனிக்கு வந்த லாரி டிரைவருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக் கொடுத்தார். பூக்காரம்மாவிடம் மல்லியை இன்னும் நெருக்கிக் கட்டச் சொன்னார். அந்தம்மா, "உங்களுக்கு வேணும்னா வாங்குங்க, இல்லாட்டிப் போங்க" என்றதும் பெரியம்மா வாங்கிக்கொண்டார். பூவை என் தலையில் வைத்தார், கழற்றினார், திரும்பவும் வைத்தார்.

"ஏங்கண்ணு, உள்ள எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கறாங்களா?"

"ஆமாங்க பெரியம்மா. உங்களத் திட்டாத ஆளே கெடையாது. ஆனா உங்கள உட்டுட்டுப் போன ஆளும் கெடையாதுங்களே."

கம்பெனியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜன்னல் வழியாக உள்ளே யாரோ வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் வந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு ஆடிட்டர் வெளியே வந்தார். பெரியம்மா முன்னால் நின்று, "இத்தனை சுதந்திரமா முதலாளியைத் திட்டுற ஆளுங்கள நான் எங்கயும் பார்த்ததில்லை. நீங்க தேறிட்டீங்க" என்றார். தேறிவிட்டோம்! நான் கத்திய கத்தலில் லாரி டிரைவர் இறங்கி வந்து என்ன என்று விசாரித்தார். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு ரோட்டில் ஓடினார், எங்கே ஓடுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. ஊத்துக்குளி நெய்யில் செய்த மைசூர்பாகு அன்றைக்கு நாற்பது வீட்டுக்கும் போனது. ஒருவர் விடாமல் எல்லோருக்கும் பெரியம்மாவே தன் கையால் கொடுத்தார். ஓவர்லாக் அக்காவிடம் போனபோது, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஆடிட்டர் ஒன்றே ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தொழிலாளிகள் தாங்களாகவே ஒரு கமிட்டி அமைக்க வேண்டும். அதற்குத் தலைவியாக யார் வந்தார் என்று சொல்லவும் வேண்டுமா? அந்த ஓவர்லாக் அக்காதான். நேரடி ஆர்டரின் துணி வந்து இறங்கியதும் கமிட்டி முதல் கோரிக்கையைச் சொன்னது. அக்காவே அலுவலகத்துக்கு வந்து, "நாங்க தைக்கும்போது பொறத்தால வந்து நிக்காதீகம்மா. கை வெடவெடங்கு" என்று நேராகச் சொன்னார். பெரியம்மா தலையாட்டினார். இன்னொருவர் சொல்லுக்கு அவர் தலையாட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையிலிருந்து பெரியம்மா என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று நின்றால் தலை தூக்குவார், அது திரும்ப ஓடினால் தலை தாழ்த்துவார். மதியம் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பீஸ் எப்போதும் வருவதைவிட அதிகமாகவே வந்திருந்தது. வந்து அப்படியே சொன்னேன், குதித்துக்கொண்டே சொன்னேன்.

"நானில்லாமயே ஓடுது" என்றார்.

"நல்லதுதானுங்களே பெரியம்மா!"

"நல்லதுதான் கண்ணு." மிஷின் சத்தம் வந்த சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்தார். பிறகு கேட்டார். "அப்புறம் நான் எதுக்கு?"

அந்த நேரம் பார்த்து ஓவர்லாக் அக்கா கையில் ஒரு பீஸோடு வந்து கதவுப் பக்கம் நின்றார்.

"அம்மா, இந்தத் தோள்பட்டைத் தையல் சரியா விழுந்திருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்."

பெரியம்மா வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது, அதில் ஒரு குறையும் இல்லை.

"நல்லாத்தானே இருக்குது. இதுல என்ன உனக்குச் சந்தேகம்?"

"சந்தேகமெல்லாம் இல்லம்மா. நல்லாருக்குன்னு எனக்கும் தெரியும்" என்றார் அக்கா. "நீங்க ஒரு வார்த்த சொன்னாத்தான் அடுத்த பீஸு ஓடுது."

பெரியம்மா அந்தப் பனியனை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தார். அதன் மேல் ஒரு சொட்டு விழுந்ததும், துணி கறையாகிவிடுமே என்று அவசரமாக அதை அக்கா கையில் கொடுத்துவிட்டார்.